முப்பது கிலோவாட் கௌரவம்

யாத்விகா வாய்விட்டுக் கத்தி எங்கள் மலைக்கிராமத்தில் யாரும் கேட்டதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனிச்சரிவில் வண்டி வழுக்கினால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிர, குரல் எழாது. அவளையும் கத்தவைத்தது, வீட்டைச் சூடாக்கும் ஒரு நிலக்கரி பாய்லர்.

அவளும் கணவன் லெஷெக்கும் எங்கள் வீட்டுக்கு எதிரில் புது வீடு கட்டினார்கள். சின்ன வீடு. குளிர் புகாமல் சுவரைச் சுற்றி ஒரு சாண் தெர்மாகோல். கணக்குப் போட்ட பொறியாளர், பத்து கிலோவாட் பாய்லரே தாராளம் என்றார். யாத்விகாவும் அதையே பார்த்து வைத்திருந்தாள்.

மாமனார் கசிமிர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பத்தா? அதுல முட்டை வேகுமா மருமகளே? ஊர்ல எவன் வீட்டுலயும் இருபத்தஞ்சுக்குக் கொறஞ்சு இல்ல. என் பையன் என்ன பிச்சைக்காரனா?"

"வீடு சின்னது மாமா. சூடு வெளியே போகாது."

"கூடுதலா இருந்தா என்ன, கடிக்குமா?"

எங்கள் ஊரில் நிலவறைக்கு மேல்தளம் போடுவதற்கு முன்பே பாய்லரைக் கிரேனில் இறக்கிவிடுவார்கள். படிக்கட்டு வழியாக அது நுழையாது. பாய்லர் இறங்கிய அன்று யாத்விகா பேருந்தில் இருந்தாள். திரும்பி வந்தபோது, கசிமிர் பரிசாக வாங்கிய முப்பது கிலோவாட் ராட்சசன் கீழே உட்கார்ந்திருந்தான். மேலே கான்கிரீட் கொட்டி முடித்து, ஆண்கள் வோட்கா ஊற்றிக்கொண்டிருந்தார்கள். லெஷெக் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையை அவள் எப்படி மறப்பாள்?

குளிர்காலம் வந்தது. நிலக்கரியை ஒழுங்காக எரியவிட்டால் வீடு வெந்தது. பனி கொட்டும்போது ஜன்னல்களைத் திறந்துபோட்டு உட்கார்ந்தார்கள். சூட்டைக் குறைக்கப் பாய்லருக்குப் போகும் காற்றை அடைத்து வைத்தாலோ நெருப்பு எரியாமல் கனன்றது. புகைபோக்கியில் தார் வழிந்தது, புகை அறைக்குள் இறங்கியது. அவர்கள் மகள் ஹான்யாவுக்கு நாலு வயது. அந்தப் பிஞ்சு நெஞ்சு விசில் போல இழுக்கத் தொடங்கியது. இப்படியே போனால் நுரையீரல் தாங்காது, குழந்தையை இந்தப் புகையில் வைக்காதீர்கள் என்றார் மருத்துவர்.

பாய்லரை அறுத்து எடுக்க ஊரில் ஒரு வெல்டரும் வரவில்லை. எல்லோரும் கசிமிரின் சீட்டாட்டக் கூட்டாளிகள்.

யாத்விகா குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டாள். நெருப்பை அணையவிட்டாள். பிறகு சம்மட்டியோடு நிலவறைக்குள் இறங்கி, நிலக்கரி கொட்டும் ஜன்னலுக்குக் கீழே, சரிவுப் பக்கம் மண்ணுக்கு மேல் நிற்கும் சுவரில் ஓங்கி அடித்தாள். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். கசிமிரும் மூச்சிரைக்க வந்தார்.

"பைத்தியமா உனக்கு? நான் குடுத்த பரிசுடி அது!"

"பரிசா?" என்று கத்தினாள். "ஊருக்கு முன்னால நீங்க மீசை முறுக்க என் புள்ள மூச்சு முட்டிச் சாகணுமா? இத நீங்களே தூக்கிட்டுப் போய் நடுவீட்டுல வெச்சுக் கும்பிடுங்க!"

"லெஷெக்! உன் பொண்டாட்டி வீட்ட இடிக்கிறா, பாத்துக்கிட்டு நிக்கிற?"

லெஷெக் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் கண்ணில் நெருப்புப் பறந்தது.

"விடு. இன்னிக்கும் தலைகுனிஞ்சு நில்லு, போ."

"அங்க அடிக்காத. அங்க இரும்புக் கம்பி ஓடுது," என்றான் அவன். "இங்க அடிக்கணும். குடு."

அவன் சம்மட்டியை வாங்கி அடித்த முதல் அடியிலேயே ஒரு செங்கல் வெளியே தெறித்துப் பனியில் விழுந்தது. கசிமிர் படியேறிப் போனார்.

மதியத்துக்குள் பாய்லர் வெளியேறும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே வெறும் குளிர்காற்று. லெஷெக் அவள் தோளில் தன் கோட்டைப் போர்த்த வந்தான். அவள் அதை உதறினாள்.

"மொதல்ல இத வெளிய இழு. உன்ன மன்னிக்கிறதப் பத்தி, ஹான்யா இருமாம தூங்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவன் கயிறு எடுக்கப் போனான்.