புதரில் வீசிய மான் தலை

டெக்சாஸுக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை.

போன வேட்டைக் காலத்தில், தோழியின் பண்ணைக்குப் போயிருந்த என் பதினாறு வயது மகளை அழைத்துவரப் போனேன். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, முதல்முறையாக ஒரு பெண்மானைச் சுட்டிருந்தாள். லைசென்ஸோடு தரும் டேக்கை, அந்த அடையாளச் சீட்டை, அழகாக எழுதி மானில் கட்டியிருந்தாள். கறி ஐஸ் பெட்டியில் இருந்தது, தலை தனிப் பையில்.

"தலையெல்லாம் கார்ல வேணாம்டி. நம்ம தெரு ஆன்ட்டி யாராவது பார்த்தா மானமே போயிடும்."

"அம்மா, அது ப்ரூஃப். சுட்ட மான் ஆணா பெண்ணான்னு ஆபீசர் கேட்டா காட்டணும். வீட்டுக்குப் போற வரைக்கும் கூடவே இருக்கணும், அதான் ரூல்."

அவள் தோழியிடம் விடைபெறப் போன நேரத்தில் பையைப் புதரில் வீசிவிட்டேன்.

வழியில் வேட்டை அதிகாரி காரை நிறுத்தினார். டேக்கைப் பார்த்துவிட்டு, தலை எங்கே என்று கேட்டார். என் பெயரில் ஒரு வழக்கு வந்தால் கிரீன் கார்டு என்னாகும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"என் மகள் வீசிவிட்டாள்" என்றேன்.

அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்; பை அங்கே இல்லை. பிறகு என்னை.

"யெஸ் சார். என் தப்புதான்."

அவள் பெயரில் அபராத டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டு, கறியை எடுத்துக்கொண்டு அவர் போனார். என்னால் காரை எடுக்க முடியவில்லை.

"விடும்மா. நான் இங்க பொறந்தவ. என்னை எங்கயும் அனுப்ப மாட்டாங்க."

அதை யோசித்துத்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.