பூசணி தூக்கப் போன நாள்

ராஜபாளையத்தில், சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் வாடகைக்கு விடுகிறேன். வத்திராயிருப்புப் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், தான் வளர்த்த ராட்சதப் பூசணியைத் தூக்கக் கூப்பிட்டார். நரைத்த மீசை, கழுத்தில் தையல்காரர் டேப். தினமும் இரண்டு வேளை காயின் சுற்றளவை அளப்பாராம். மேலே நிழல்வலை, காய்க்கு அடியில் மணல், வேருக்குச் சொட்டுநீர்க் குழாய். ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

பெல்ட் மாட்டி மெதுவாகத் தூக்கினேன். ஒரு சாண் எழும்பியதும் அடிப்பக்கம் பிளந்து அழுகல் நீர் கொட்டியது. சங்கிலியை அப்படியே நிறுத்தினேன்.

"நான் அவசரப்பட்டுட்டேனாய்யா?"

"ஒம்மேல தப்பில்ல தம்பி. மணலு பத்தல, ஈரம் ஏறிருச்சு. செத்த நேரம் உக்காரு, பொறவு எறக்கலாம்."

இத்தனை மாதம் வளர்த்தவர் என்னைத் தேற்றினார். நானாக இருந்தால் கண்டிப்பாகத் திட்டியிருப்பேன்.