மாப்பிள்ளைக்கு என்ன குறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்குத் தாய் தகப்பன் இல்லை. நிக்காஹ் முடிந்த கையோடு கோவளத்தில் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார். என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் நான் மூத்தவள். பிறந்த வீட்டை விட்டுப் போகாமலே வாழ்க்கைப்பட்டவள் என்று தெருவே பொறாமைப்பட்டது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

அவருக்கு நடந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்த ஒரே நாற்காலி அவருக்கு. அவர் உள்ளே நுழைந்தால் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். தங்கைகள் பாதிச் சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவார்கள். அவர் தனியாகச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. வஞ்சிரத்தில் நடுத்துண்டு அவருக்கு, தலை எங்களுக்கு. மனுஷனுக்கு மீன் தலை என்றால் உயிர் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் மாப்பிள்ளை தட்டில் தலையை வைத்தால் ஊர் சும்மா இருக்குமா?

ஒருநாள் செங்கல்பட்டுக்குப் போகிறேன் என்றார். ரயிலடிப் பக்கம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலையாம். அம்மாதான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு நாங்க இன்னா கொறை வெச்சோம்?"

"ஒரு கொறையும் இல்லீங்க மாமி. அதான் பேஜாரா கீது."

அந்த நாற்காலி முள்ளாகக் குத்தியவர் எழுந்துகொண்டார், சரி. சுகமாக உட்கார்ந்திருந்த நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அந்தக் கோபத்தோடுதான் திருப்போரூர் பஸ்ஸில் ஏறினேன்.

செங்கல்பட்டில் ஒற்றை அறை. கடல் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தங்கைகளோடு அடித்துக்கொண்ட சண்டைக்குக்கூட ஏங்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டித் தீர்த்த கருவாட்டு வாடைக்கு ஏங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோவளத்துக்கே திரும்பிப் போய்விடலாம், நீங்கள் வரமாட்டேன் என்றால் நான் மட்டுமாவது போகிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டுவிடுவதாக இருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து ஏரி மீன் வாங்கி வந்தார். கடல் மீன் ஆய்ந்து பழகிய எனக்கு அது சேற்று நாற்றம் நாறியது. வைதுகொண்டே குழம்பு வைத்தேன். தட்டை வைத்துவிட்டு, பழக்கத்தில் தள்ளி நின்றபடி, இது மீனா சேறா என்று கேட்டேன்.

"சேறுதான். நீயும் உக்காரு, சேந்து துன்னலாம்" என்று மீன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து சோற்றில் கை வைத்தேன். அம்மாவை நினைத்து அழுகையாக வந்தது. குழம்பில் காரம் என்று சொல்லி வைத்தேன்.