தண்ணீர் நிறைந்த வீடு

மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று தெரிந்ததும், அவள் எங்கே படுப்பாள் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கூடம், உள்ளறை, அடுப்படி, பின்னால் கொஞ்சம் காலியிடம். எங்கள் இரண்டு பேருக்குத் தாராளமான வீடுதான். ஆனால் உள்ளறைக் கதவு பாதிதான் திறக்கும். கதவுக்குப் பின்னால் நெஞ்சுயர நீல டிரம் நிற்கிறது. அதை ஒட்டிப் பெயிண்ட் வாளிகள், எண்ணெய் டின்கள், பிளாஸ்டிக் குடங்கள். எல்லாவற்றிலும் தண்ணீர். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, அதற்கு அடியிலும் கேன்கள். கட்டிலின் மேலேயும் பாட்டில்கள். கல்யாண மண்டபத்தில் இலைக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அந்தச் சின்ன பாட்டில்கள். பந்தி முடிந்ததும் என் மனைவி காலிப் பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்து கழுவி, நிறைத்து, மூடி, அடுக்கிவிடுவாள்.

இது எப்போது ஆரம்பித்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் அப்பா ஒரு சித்திரை மாதத்தில் இறந்தார். ஊருணி வற்றி வெடித்துக் கிடந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போன சொந்தக்காரர்கள் கிணறு தேடி அடுத்த ஊருக்கு நடந்தார்கள். துட்டி கேட்க வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லார் வீட்டிலும் அதே நிலைமைதான். ஒரு வீட்டில் ஆள் இருந்தும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் திருச்சுழியிலிருந்து ஆட்டோவில் கேன் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதற்குள் கூட்டத்தில் ஒரு அம்மா, "பெரிய மனுசன் செத்துக் கெடக்காரு, தொண்டைய நனைக்க ஒரு சொட்டுத் தண்ணி வச்சிருக்கலையே" என்றார். காலிக் குடத்தோடு வாசலில் நின்றிருந்த என் மனைவி அதைக் கேட்டாள்.

அதிலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். அவளிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல. தேவைக்கு வச்சிருக்கேன்" என்பாள்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. வாசலிலேயே தண்ணீர் விழுந்தது. இனி இதெல்லாம் தானாகக் குறைந்துவிடும் என்று நான் நம்பினேன். ஆனால் தண்ணீர் கூடக் கூட, அவளுக்குப் பாத்திரம் பற்றவில்லை. மில் வேலைக்காக நான் தினமும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் வருகிறேன். சாயங்காலம் திரும்பும்போதெல்லாம் வீட்டில் புதிதாக ஒரு டின்னோ வாளியோ உட்கார்ந்திருக்கும். மழைக்கு ஏங்கிக் கிடக்கும் ஊரில் எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் ஊறிப்போய் உப்புப் பூத்து நின்றது. அரிசி மூட்டை பூசணம் பிடித்தது. டிவிக்கு முன்னால் குடங்களை வரிசையாக வைத்ததால் நாங்கள் அதைப் போடுவதையே விட்டுவிட்டோம். யாராவது வந்தால் வாசலில் நாற்காலி போட்டுப் பேசி அனுப்பிவிடுவேன். கொஞ்சநாளில் வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

கொசுப்புழு பார்க்க வரும் பெண்கள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவள் சண்டை போடவில்லை. தரையில் ஓடிய தண்ணீரைப் பிளாஸ்டிக் முறத்தால் வாரி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அது அழுக்குத் தண்ணி, விடு" என்றேன். "செடிக்கு ஆகும்" என்றாள். எங்கள் வீட்டில் செடி இல்லை.

மகள் வரும் செய்தி வந்ததும், உள்ளறையை மட்டும் காலி செய்துவிடலாம் என்று கெஞ்சினேன். அவள் சரி என்றாள். மனதாரத்தான் சொன்னாள். மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், உள்ளறையில் இருந்ததெல்லாம் கூடத்துக்கு வந்திருந்தது. வாசலிலிருந்து உள்ளறைக்கு ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குத்தான் வழி. நிறைமாதத்தை நெருங்கும் பெண் அதில் எப்படி நடப்பாள்?

மகள் வந்தாள். வீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னப்பா இது, முந்திக்கு இப்ப ரொம்ப ஆயிருச்சு" என்றாள் மெதுவாக. அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று அதற்குமேல் பேசவில்லை. என் மனைவி அவளுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள், காலை நீவிவிட்டாள். ஒரு தாய் செய்யவேண்டியதில் எதையும் அவள் குறைவைக்கவில்லை.

ஒருநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் டின் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கசிந்து பாசி பிடித்திருந்த தரையில் மகள் வழுக்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அங்கேயே வந்துவிட்ட சம்பந்தி அம்மா கோபப்படாமல்தான் பேசினார். "அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. பிரசவம் முடியுற வரைக்கும் எங்க வீட்லயே இருக்கட்டும்." நான் தலையை ஆட்டினேன். அருப்புக்கோட்டைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாய்வீடு இருந்தும் என் மகள் மாமியார் வீட்டில்தான் பிள்ளை பெற்றாள்.

மகளைக் கூட்டிப்போன அன்றைக்கு என் மனைவி அழுததைப்போல் அதற்கு முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. "எல்லாத்தையும் கொட்டிருவோங்க" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரம்மைப் பின்பக்கம் நகர்த்திக்கொண்டு போனோம். கவிழ்க்கும் நேரத்தில் அவள் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். மகளுக்காகத் தட்டாமல் வந்தாள். டாக்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார். இது ஒரு நோய், நாளாகும் என்றார். நாங்கள் எடுத்துக் கொட்டினால் இன்னும் மோசமாகும், அவளாகவே தினம் ஒன்று கொட்டட்டும் என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதன்படி தினமும் காலையில் ஒரு குடத்தை எடுத்துப்போய் வீட்டுக்கு எதிரே தெருவோரம் இருக்கும் வேப்பமரத்துக்கு ஊற்றினாள். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. ஒருநாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தபோது, அதே குடத்தைக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள். பாதிக் குடத்தோடு அப்படியே நின்றாள். "சும்மா காலியா கெடந்துச்சு" என்றாள். நான் உள்ளே போனேன்.

பேத்தி பிறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாங்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். மகள் சென்ற வாரமும் சொன்னாள்: "இங்கயே கொஞ்சநாள் இரும்மா. பிள்ள உன்னயவே தேடுது." உண்மைதான். குழந்தை என் மனைவியின் மடியை விட்டு இறங்குவதில்லை. இருக்கிறேன் என்றுதான் அவளும் சொன்னாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நாலு மணிக்கு, "தண்ணி விட்டுருவாக, பிடிக்க ஆளில்ல. நாங்க வாரோம்" என்று எழுந்துவிட்டாள். பிள்ளை கையை நீட்டி அழுதது. மகள் எங்களைப் பார்க்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கோபம் எதுவும் இல்லாமல்தான் கேட்டேன்: "இந்தா, நெசமாச் சொல்லு. இன்னும் எவ்வளவு இருந்தா போதும்னு உனக்குத் தோணும்?"

அவள் வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருச்சுழி தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தெரியலைங்க" என்றாள். "எனக்கும் தெரிஞ்சாத் தேவலை."

ஊர் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி வேகமாக நடந்தாள். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நிறைந்த குடத்தைத் தூக்க முடியாமல் நின்றாள். வாங்கி உள்ளே கொண்டுபோனேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அதைச் சுமந்துகொண்டே நின்றேன்.