சிக்னல் வராத மதியம்

அங்கன்வாடியைப் பூட்டிக்கொண்டு இவாஞ்சலின் வீட்டுக்கு வந்தபோது, அவள் கணவர் அருள்பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்து டிவியின் வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“நான் கஞ்சி குடுக்க வந்தப்பவே இப்படித்தாங்க்கா இருந்திச்சு. ரிமோட்ட இன்னா அழுத்தனாலும் வரல” என்றாள் பக்கத்து வீட்டு கீதா, வாசலில் நின்றபடியே.

வழியெல்லாம் பாயை விரித்துப் படுப்பதையே நினைத்துக்கொண்டு நடந்து வந்தவள் இவாஞ்சலின். பையை மாட்டியபடியே சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆரணியிலிருந்து சந்தவாசல் வழியாகப் படவேடு போகும் பஸ்ஸில் அருள்பிரகாஷ் கண்டக்டராக இருந்தவர். போன வருஷம் ஆடி மாதக் கூட்டத்தில், டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஒரு பயணியின் மடியில் சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. மற்றவர்கள் சொல்வது புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வேறு ஏதோ சத்தம் வரும். சில மாதங்கள் முயன்று பார்த்தார். பிறகு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். டாக்டர் பிசையச் சொன்ன ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது.

அவருக்கென்று மிச்சமிருந்தது விலங்குகளைக் காட்டும் ஒரு சேனல்தான். காலையில் அதைப் போட்டுவிட்டால் அவள் வேலைக்குப் போய் வரலாம். அது இல்லாத நாளில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், கஞ்சியைத் துப்புவார்.

இவாஞ்சலின் டிவிக்குக் கீழிருந்த டிஷ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். பின்பக்கத்து வயரைத் திருகி இறுக்கினாள். கார்டை உருவிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டாள். நீலம் நீலமாகவே இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் டயானாவுக்குப் போன் செய்தாள்.

“கஸ்டமர் கேருக்குப் போடும்மா. நான் டியூட்டில இருக்கேன்” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அந்த எண்ணில் நெடுநேரம் பாட்டுப் பாடியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். “மேடம், மெனுக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் குடுங்க.”

“அது எங்கம்மா இருக்குது?”

அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். இவாஞ்சலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினாள். பெட்டியின் விளக்கு அணைந்து எரிந்தது, சேனல்களைத் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை என்றது.

“அப்போ டிஷ்தான் திரும்பியிருக்கும் மேடம். மாடில போய்ப் பாக்க முடியுமா? இல்லன்னா நாளைக்கு மறுநாள் ஆளு வருவாங்க.”

நாளை மறுநாள் வரை இவரை எப்படி வைத்துக்கொள்வது? சிக்னல் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள். திரையில் ஒரு கோடு சிவப்பாகக் கிடந்தது. அது பச்சையாக வேண்டுமாம்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு இவாஞ்சலின் மாடிப்படி ஏறினாள். மேலே போனதும் விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் அவசரத்தில் அவளேதான் டிஷ்ஷின் கையில் கயிற்றைக் கட்டி அவருடைய படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தாள். ஈரக் கனம் இழுத்து டிஷ் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கயிற்றை அவிழ்த்து, விரிப்புகளைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, டிஷ்ஷைக் கொஞ்சம் தள்ளினாள். கீழே இறங்கிப் பார்த்தாள். சிவப்பு. மறுபடி ஏறினாள், தள்ளினாள், இறங்கினாள். சிவப்பு. கீதாவும் பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போய்விட்டிருந்தாள்.

மூன்றாம் முறை ஏறும்போது, “இதுக்கு மேல என்னால ஆவாதுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

டிஷ்ஷைத் தள்ளத் தொடங்கியதும் கீழே ‘டம் டம் டம்’ என்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் என்று முதலில் நினைத்தாள். தள்ளுவதை நிறுத்தினாள்; சத்தமும் நின்றது. தள்ளினாள், மறுபடி டம் டம் டம். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் பின்பக்கத்துத் தகரத்தில் இப்படித்தான் தட்டிக்கொண்டே வருவார். தட்டிக்கொண்டிருந்தால் வரலாம் என்று அர்த்தம். ஓங்கி ஒரே அடி அடித்தால் நிறுத்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாகத் தள்ளினாள். டம் டம் டம் டம். பிறகு ஓங்கி ஒரே அடி.

அவள் அப்படியே நிறுத்தினாள்.

இறங்கி வந்தபோது கோடு பச்சையாக இருந்தது. அருள்பிரகாஷின் இடது கை, பக்கத்திலிருந்த பீரோவின் தகரத்தின் மேலேயே இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

“நீங்களா தட்டினீங்க?” என்று கேட்டாள். கேட்டபிறகுதான், வேறு யார் தட்டியிருக்க முடியும் என்று தோன்றியது. அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

விலங்கு சேனல் வந்தது. ரீசெட் செய்ததில் பாஷை மாறி, முதலையைப் பற்றி யாரோ இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். அதைத் தமிழுக்கு மாற்ற மறுபடி போன் போட வேண்டும். அவள் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். அவரும் இந்தி முதலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் அந்த பீரோவுக்கு ஓய்வு போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் தட்டுவார், மின்விசிறி வேண்டாமென்றால் தட்டுவார், கொசு கடித்தால் தட்டுவார். அடுப்படியிலிருந்து அவள் ஓடி ஓடி வரவேண்டியிருந்தது. சில நேரம் சத்தம் கேட்டதுமே எரிச்சல் வரும். “இருங்க, வந்துகினுதான் இருக்கேன்” என்று கத்தவும் செய்வாள்.

“எங்க வூடு வரைக்கும் கேக்குதுக்கா. உனக்கு பேஜாரா இல்ல?” என்று ஒருநாள் கீதா கேட்டாள்.

“பேஜாராதான் இருக்குது” என்றாள் இவாஞ்சலின், வெங்காயம் உரித்துக்கொண்டே. “ஆனா அவருக்கு இன்னா வேணும்னு இப்பதான் கீதா எனக்குத் தெரியுது.”