மூடியிருப்பதாகச் சொன்ன கதவு

முப்பத்தெட்டு வயதில் ஆட்டோமேஷன் படிக்க வந்தவளை வகுப்பில் எல்லோரும் பெரியக்கா என்றார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் அந்தக் கல்லூரி லேபில் ஸ்டோர் கீப்பர். வாங்கிய ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் தராத கூட்டத்தோடு தினமும் மாரடிப்பவன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற ஒரே ஆள் அவள்தான் என்பதால் அவள்மேல் எனக்குத் தனி மரியாதை.

படிக்க வருவதற்கு முன் அவளுக்குப் பதினெட்டு வருடம் துணிக்கடையில் வேலை. மற்றவர்கள் விரித்துப் போட்டதை மடித்து வைக்கிற வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் "அவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. டப்பா மூடி செய்கிற ஃபேக்டரியில் அவனுக்குத் தகரத்தை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷினில் ஆபரேட்டர் வேலை கிடைத்த வாரமே அட்மிஷன் ஃபாரம் வாங்க வந்து நின்றாள். மவுஸை அவள் பிடித்த பிடியைப் பார்த்துப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் மாதம் அதே பையன்கள் அவள் நோட்டுக்காகக் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். மிஷினுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி உண்டு, பி.எல்.சி. என்பார்கள். மிஷினின் பாதுகாப்புக் கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று சென்சார் சொல்ல, அதைக் கேட்டு பெட்டி மிஷினை ஓட்டும். சென்சார் இல்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், 'கதவு மூடியிருக்கிறது என்றே வைத்துக்கொள்' என்று லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குச் சொல்லிவிடலாம். அதற்குப் பெயர் ஃபோர்ஸ். எடுக்கிறவரை பெட்டி அதையே நம்பிக்கொண்டிருக்கும். எங்கள் லேபில் பாதி சென்சார் எப்போதும் ரிப்பேர், ஆகவே ஃபோர்ஸ் போடாத நாளே கிடையாது. வகுப்பு முடிந்ததும் அடுத்த பேட்ச்சுக்காக எல்லாப் பெட்டியிலும் இருப்பதை, ஃபோர்ஸ் உட்பட, நானே சுத்தமாக அழித்து வைப்பேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு. பிள்ளைகளுக்குப் போடத் தெரிந்ததே தவிர, எடுக்கிற பழக்கமே வரவில்லை.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை ஏதாவது ஒரு ஃபேக்டரியில் செய்ய வேண்டும். தம்பி சூப்பர்வைசரிடம் பேசி, தன் பழைய பிரஸ்ஸுக்கே புது பி.எல்.சி. மாட்டும் வேலையை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தான். கதவு சென்சாரின் கேபிள் வரத் தாமதம். ஃபோர்ஸ் போட்டு மற்ற எல்லாவற்றையும் சோதித்தாள். கடைசி நாள் கேபிள் வந்தது. கதவை மூடினால் சென்சாரின் குட்டி விளக்கு எரிந்தது, திறந்தால் அணைந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டாள். "கதவத் தொறந்தா மிஷின் தானா நின்னுடும்டா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தாள். வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டரும் வந்தது.

புது பி.எல்.சி.யோடு பிரஸ் ஓடத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள், சிக்கிய மூடியை எடுக்கத் தம்பி கதவைத் திறந்து கையை விட்டான். பிரஸ் இறங்கியது. வலது கையில் நாலு விரல் போய்விட்டது.

மறுநாள் காலை அவள் நேராக லேபுக்கு வந்தாள். புராஜெக்ட்டோடு கொடுத்திருந்த புரோகிராம் காப்பியைத் திறக்கச் சொன்னாள். ஃபோர்ஸ் லிஸ்ட்டில் ஒரே ஒரு வரி இருந்தது. கதவு, மூடியிருக்கிறது.

"யாருக்கும் தெரியாது, பெரியக்கா. பேசாம இருங்க. ஆர்டரை வேற கையில வச்சிருக்கீங்க" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"கவனக்குறைவுன்னு எழுதி அவனை வேலைய விட்டு அனுப்பப் போறாங்கண்ணே" என்றாள். அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கையில் பெரிய கட்டோடு படுத்திருந்த தம்பி, அக்காவைப் பார்த்ததும் அழுதுவிட்டான். "ஸாரிக்கா. நீ போட்ட மொத மிஷின், அதுக்குப் போய்க் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். நான்தான் கதவச் சரியாத் தொறக்கல போல. என் தப்புன்னே எழுதிக் குடுத்துட்டேன்" என்றான்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவே இல்லை.

"எடுக்க மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"மறந்துட்டேன்டா."

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றே ஃபேக்டரியிலும் கல்லூரியிலும் தன் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தாள். அவன் வேலை தப்பித்தது, கேட்டில் வண்டி நம்பர் குறிக்கிற வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள். விஷயம் கம்பெனிவரை போய் இவள் ஆர்டர் ரத்தானது. திரும்பவும் அதே துணிக்கடை. பெட்டிகளை நான் அழிப்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் திட்டிக்கொண்டே அவரவர் ஃபோர்ஸை எடுக்கிறார்கள், திட்டட்டும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தம்பி அவளோடு எட்டு மாதம் பேசவில்லை. போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டான், துவைத்துப் போட்டதை உடுத்தினான், அவ்வளவுதான். போன வாரம் பெரியக்கா லேபுக்கு வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பியவன், முழுக்கைச் சட்டையின் இடது கையை அவள் முன்னால் நீட்டி, "அக்கா, இந்தப் பொத்தானப் போட்டு விடு, எனக்கு வரமாட்டேங்குது" என்றானாம்.

போட்டுவிட்டேன் என்றாள்.