கழற்றிக் கொடுத்த கார்டு

கோவைப் பக்கம் நான் வேலை பார்க்கும் மில்லின் நூல் குடோனில் கதவுக்குக் கார்டு பூட்டு போட்டார்கள். கார்டைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். உள்ளே போனவர் பெயர் வாசல் கம்ப்யூட்டரில் பதிவாகும்.

ஒரு நாள் உடன் வேலை செய்த அமுதா கார்டை வீட்டில் மறந்துவிட்டாள். "மேனேஜர் பார்த்தா வைவாருங்க அக்கா. உங்க கார்டைக் குடுங்க, மூட்டையோட லாட் நம்பரை எழுதிப்போட்டு வந்தர்றேன்" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போனேன்.

டீ குடிப்பதற்குள் குடோனில் தீ. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள்; நானும் வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் கம்ப்யூட்டரைப் பார்த்து, உள்ளே போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கடைசியாக என் பெயர்.

"சரஸ்வதி அம்மணி?"

"இருக்கேனுங்க" என்றேன், பதற்றத்தில்.

"அப்ப உள்ளார ஆருமில்லீங்க" என்றார் மேனேஜரிடம். தீ பரவாமலிருக்கக் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ, அமுதா உள்ள இருக்கறாளுங்க!" என்று கத்தினேன். இரண்டு பேர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடி, நூல் மூட்டைகளுக்குப் பின்னால் மயங்கிக் கிடந்தவளைத் தூக்கிவந்தார்கள்.

உயிர் பிழைத்தாள். ஆனால் புகை நுரையீரலைக் கெடுத்துவிட்டது. இரண்டு வருடமாகியும் நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள். நான் அவளைப் பார்க்கப் போனால், "நாந்தானே கேட்டேனுங்க அக்கா" என்கிறாள்.

இப்போது நான் யாருக்கும் கார்டு தருவதில்லை. கேட்பவரை வாசலுக்குக் கூட்டிப்போய், கார்டு இல்லாதவர்களுக்கான நோட்டில் வாட்ச்மேன் அவர் பெயரை எழுதும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

– சரஸ்வதி, உடுமலைப்பேட்டை